யார் முதலில் மடிப்பது?

கவின்ராஜ் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருபத்து நான்கு நாட்களாகச் சம்பந்தியம்மா இருந்தார்.

உப்பு ஜாடிக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்த மடலின் திரையில், காங்கேயத்தில் தன் வீட்டு அடுப்படியில் நின்று அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் பிரதீக்ஷா. மாப்பிள்ளையின் அம்மா. இங்கே ஈரோட்டில் கவின்ராஜின் மனைவி சஹானா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். புளி கரைக்க யாரும் பட்டுக் கட்டுவதில்லைதான். மாப்பிள்ளையின் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது பழைய நைட்டியில் நிற்க முடியுமா?

மடலை எட்டாக மடித்தால் தீப்பெட்டி அளவு. விரித்தால் தாம்பாளத் தட்டு அளவு. பழைய தட்டைக் கைப்பேசியைப் போல மூன்று மடங்கு விலை. பைக்குள் அடங்கும் பெருந்திரை என்று சொல்லி விற்றார்கள், முதல் வருடம் அது பைக்குள் அடங்கவும் செய்தது. இரண்டாம் வருடம் நிறுவனத்தார் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு வசதியைச் சேர்த்தார்கள். உங்கள் மடல் விரிந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்பதை உறவுக்காரர்கள் அனைவரும் தங்கள் திரையில் பார்த்துக்கொள்ளலாம். பேச்சின் நடுவே மடித்தால், மடித்தவர் யார், எத்தனை மணிக்கு மடித்தார் என்று மறுமுனையில் ஒரு வரி விழும். அந்த வரியை அழிக்க முடியாது. பொறியாளர்கள் அதை வசதி என்று நினைத்தார்கள். நம் ஜனங்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆறே மாதத்தில் சட்டதிட்டங்கள் முளைத்துவிட்டன. பெரியவருக்கு முன்னால் சின்னவர் மடிக்கக் கூடாது. அழைத்தவர் முதலில் மடித்தால், வேலை முடிந்ததும் கழற்றிவிட்டார் என்று பொருள். பெண் வீட்டார் எந்தக் காலத்திலும் முதலில் மடிக்கக் கூடாது, இதற்கு விதிவிலக்கே கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று மாலை அழைத்தவர் பிரதீக்ஷா, அதனால் அவர் மடிக்க முடியாது. கவின்ராஜ் பெண்ணைப் பெற்றவர், அதனால் அவரும் மடிக்க முடியாது. அழைப்பு அன்றிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மடங்கு விலை கொடுத்து மடிக்கிற சாதனத்தை வாங்கியவர்கள் அதை மடிக்கப் பயந்துகொண்டு, விரித்த குடையைப் போலக் கையில் பிடித்தபடி ஊரெல்லாம் நடந்தார்கள்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. போன வருடம் பெருந்துறையில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு கொட்டாவி விட்டார். தூங்கப் போகிறார் போலும் என்று பெண் வீட்டார் மடித்துவிட்டார்கள். மண்டபம் பேசி முடித்த கல்யாணம் அந்த ஒரு வரியில் நின்றுபோயிற்று. கவின்ராஜின் மகள் மரகதமோ பதினொரு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவதாக வந்த முத்தையாவை, பார்த்த பத்தாவது நிமிடத்தில், பிடித்திருக்கிறது என்று சொன்னவள். இது கெட்டால் வீட்டில் யாருக்கும் அடுத்ததைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. அதனால்தான் பட்டுச்சேலை, அதனால்தான் வீட்டுக்குள்ளும் கவின்ராஜுக்குச் சட்டை. பத்து நாளாக முதுகில் ஒரு இடம் அரித்தது. சொறிய முடியவில்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை. மஞ்சள் மண்டியின் எடைப்பொறி, மிக்ஸி, ஸ்கூட்டர், மரகதம் நிலத்தடி நீர் அளக்கும் துளைமானி எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. மூவரின் மடல்களும் அதில் சேர்த்தி. சஹானாவின் மடலுக்கும் மரகதத்தின் மடலுக்கும் பொட்டு வைத்த கவின்ராஜ், சமையலறை மடலின் முன்னால் வந்து தயங்கி நின்றார்.

"சம்மந்தியம்மா, ஒரு நிமிசமுங்க. பொட்டு வெச்சுக்கறேனுங்க."

"வைங்கண்ணா, வைங்க. நாங்களும் இங்க எல்லாத்துக்கும் இப்பத்தான் வெச்சுட்டிருக்கோம்."

எங்கே வைப்பது? திரையில் வைத்தால் சம்பந்தியம்மாவின் மூக்கின்மேல் விழும். ஓரத்தில் வைத்தால் கேமரா மறையும், முகம் காட்டாமல் ஒளிகிறோம் என்று ஆகிவிடும். யோசித்து, மடிப்புக் கீல்களின்மேல் வரிசையாகச் சந்தனம் இட்டு அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தார். மஞ்சள் வியாபாரி வீட்டுக் குங்குமம், மாவைவிட நைஸாக இருக்கும். அன்று காலை கொங்கு நாட்டில் பாதிப்பேர், இதே மரியாதையை யோசித்து, இதே இடத்தில் பொட்டு வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

கீலுக்குள் தூசு போனால் மடலின் உள்திரை கீறிவிடும். ஆகவே ஒரு துகள் நுழைந்தாலும் மடல் தானாகவே மடிந்து பூட்டிக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். கடைக்காரர் சுத்தம் செய்தால்தான் பிறகு திறக்கும். பாலைவனப் புழுதி, கடற்கரை மணல், சிமெண்டு என்று எல்லாவற்றையும் கொட்டிச் சோதித்து, இந்தத் தூசெல்லாம் கீல்வரை போகவே போகாது என்று சான்றும் வாங்கியிருந்தார்கள். ஒருவர் பக்தியோடு விரலால் அழுத்தி உள்ளே திணிப்பார் என்று எந்தச் சோதனைக்கூடத்திலும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

மாலை நான்கு மணிக்குச் சந்தனம் காய்ந்து உதிர ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில் பிரதீக்ஷா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, ஒரு விசயம் கேக்கோணும்னு நாலு நாளா நெனச்சுட்டே இருக்கறேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது..."

"கேளுங்க, கேளுங்க" என்று கவின்ராஜ் முன்னால் குனிந்தார்.

படக்கென்று மடல் எட்டாக மடிந்து, தீப்பெட்டியாகி, உப்பு ஜாடியின் ஓரமாக விழுந்தது.

மறுமுனையில் என்ன வரி விழுந்திருக்கும் என்று மூவருக்கும் தெரியும். பெண்ணின் அப்பா மடித்துவிட்டார், நான்கு மணி இரண்டு நிமிடம். அதுவும் சம்பந்தியம்மா வாய் திறந்து கேட்கப்போன நேரத்தில்.

"ஏனுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க?" என்று சஹானா அலறினாள்.

"நான் தொடவே இல்லடி!"

கவின்ராஜ் நகத்தால் நெம்பினார். கரண்டிக் காம்பைச் செருகிப் பார்த்தார். தேங்காயெண்ணெய் விட்டார், குங்குமம் இன்னும் நன்றாகக் குழைந்து உட்கார்ந்துகொண்டது. தன் மடலில் அழைக்கலாம் என்று சஹானா கூடத்துக்கு ஓடினால், அது அவள் கண்முன்னாலேயே மடிந்தது. மரகதத்தின் மடல் அதற்கு முன்பே மடிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள் மரகதம். அங்கேயும் நான்கு பேர் நான்கு தீப்பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள்.

"அறிவிருக்குதா உங்களுக்கு? கீல்ல போயி யாராச்சும் குங்குமத்த அப்புவாங்களா?" என்று சஹானா கணவன்மேல் பாய்ந்தாள்.

"நீ பாத்துட்டுத்தான நின்ன? அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"அவிங்க முன்னால நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கத்திக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று நிறுத்தினார்கள். இருபத்து நான்கு நாட்களில் அவர்கள் போட்ட முதல் சண்டை அது. சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது. கவின்ராஜ் சட்டையைக் கழற்றி, கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். அதைப் பார்த்து மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

"அப்பா, அவரு என்ன நெனப்பாருப்பா? வாங்க, நேர்ல போயிச் சொல்லிப்போடலாம்."

நேரில் போவது என்பது அந்த வீட்டில் யாருக்கும் உடனே தோன்றக்கூடிய வழியாக இல்லை. கொஞ்சம் விழித்துவிட்டுக் கிளம்பினார்கள். காங்கேயம் பேருந்தில் கட்டணப் பொறிக்கும் யாரோ தாராளமாகப் பொட்டு வைத்திருந்ததால் அதுவும் உறைந்துபோய், எல்லாரும் சும்மாவே ஏறினார்கள். சஹானா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த மாத்திரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அவள் தூங்கி வெகுநாளாயிற்று. கவின்ராஜுக்குத் தூக்கம் வரவில்லை. சம்பந்தியம்மா என்ன கேட்க வந்தார்? சீர் கேட்கவா? தேதியைத் தள்ளவா? வேறு பெண் பார்த்துவிட்டார்களா? ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு புதிய பயம் வந்தது.

சென்னிமலைப் பேருந்து நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள். டீ குடிக்க இறங்கினால், எதிரே காங்கேயத்திலிருந்து வந்து நின்ற வண்டியிலிருந்து பிரதீக்ஷா இறங்கிக்கொண்டிருந்தார். சாயம் போன நூல் சேலை, வாராத தலை. பின்னாலேயே முத்தையா.

இரண்டு குடும்பங்களும் பத்தடி தூரத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்தன.

"நான் மடிக்கலீங்க!" என்றார் கவின்ராஜ்.

"ஐயோ, நானும் மடிக்கலீங்கண்ணா!" என்றார் பிரதீக்ஷா. "கேக்கக் கேக்க அதுவாப் போயி மூடிக்கிச்சு. பேசீட்டு இருக்கறப்பவே மூஞ்சில அடிச்சாப்ல மூடீட்டா, பொண்ணு வீட்டுக்காரரு என்ன நெனப்பாருன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் கட்டுன சேலையோட வந்துட்டேன்."

"உங்களுதும் மூடிக்கிச்சுங்களா?"

"எங்க தெருவுல எல்லாருதும்ங்க."

கவின்ராஜ் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாகவே மூடிக்கொண்டதால் யார் பெயரிலும் ஒரு வரியும் விழவில்லை. மரகதம் முத்தையாவைப் பார்த்தாள். அவன் மூச்சை ஊதிவிட்டுச் சிரித்தான். இருவரும் ஒருவரையொருவர் திரை இல்லாமல் பார்ப்பது நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

டீ வந்தது. பாதி குடித்த பிறகுதான் கவின்ராஜுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியம் வந்தது.

"என்னமோ கேக்கோணும்னீங்களே, சம்மந்தியம்மா?"

பிரதீக்ஷா தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நெனக்காதீங்கண்ணா. 'கொஞ்ச நேரம் நீங்க மடிச்சுக்கறீங்களா'ன்னு கேக்கலாம்னு இருந்தேன். எங்க வீட்டுக்காரரு சட்டை போட்டுட்டே தூங்கித் தூங்கி உடம்பெல்லாம் வேர்க்குரு. இன்னைக்கு வெறும் ஒடம்போட கட்டில்ல விழுந்தவரு, நான் கெளம்பறது கூடத் தெரியாமக் கெடக்கறாரு."

சஹானாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள், டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. எதிரிலேயே ஒரு மடல் கடை. நான்கு நிமிடத்தில் இலவசமாகத் திறந்து தரப்படும் என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, கடைக்காரப் பெண் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து பேரும் பலகையைப் படித்தார்கள். ஐந்து பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"கல்யாணம் முடியட்டுமுங்க" என்றார் பிரதீக்ஷா.

"அதானுங்க. இப்ப என்ன அவசரம்?" என்றார் கவின்ராஜ்.

பேச வேண்டியது தீர்ந்தது. டம்ளர்கள் காய்ந்தன. ஈரோடு வண்டி ஒன்று போயிற்று. காங்கேயம் வண்டி இரண்டு போயின. யாரும் எழவில்லை. நேரில் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு முதலில் எப்படி எழுவது என்று கவின்ராஜ் நினைத்தார். தேடிக் கிளம்பி வந்தவள் நான், நானே எழுந்தால் கழற்றிவிட்டது போலாகுமே என்று பிரதீக்ஷா நினைத்தார். அங்கே எந்தத் திரையும் கிடையாது, எந்த வரியும் விழப்போவதில்லை. இருந்தாலும் யார் முதலில் எழுந்தார் என்பது எங்கேயோ பதிவாகிவிடும் என்று எல்லாருக்கும் உடம்பு பழகியிருந்தது. சஹானா சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது காங்கேயம் வண்டியும் கிளம்பியது.

மரகதம் எழுந்து நின்றாள். பெண் வீடு. வயதிலும் சின்னவள்.

"அத்தை, நாங்க போயிட்டு வர்றோமுங்க" என்றாள், கைகூப்பி.

முன்பெல்லாம் எல்லாரும் தினமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான். மடல் வந்த பிறகு அதைச் சொல்லத் தேவை வரவில்லை. யாரும்தான் எங்கும் போகவில்லையே. பிரதீக்ஷா ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, மரத்துப்போன காலைத் தடவிக்கொண்டு, கிட்டத்தட்டத் துள்ளி எழுந்தார்.

"மகராசியா போயிட்டு வா, சாமி! எங்க, உங்கப்பன் இன்னைக்குப் பூரா இங்கயே குடியிருந்துருவாரோன்னு பயந்துட்டேன்."

இந்தக் கதை ஈரோடு, காங்கேயம் இரண்டு ஊர்களிலும் பரவிவிட்டது. அதற்குள் நிறுவனம் குங்குமம் புகாத கீலோடு புது மடலை இறக்கியது. விலை இன்னும் கூடுதல். எல்லாரும் வாங்கி விரித்து வைத்துக்கொண்டார்கள். மரகதத்துக்கு மட்டும் மதிப்புக் கூடிப்போயிற்று. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு வந்து, "கண்ணு, நீயும் கூட வந்து மொதல்ல எந்திரிச்சுக் குடு" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஐப்பசியில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. தாலி கட்டி, பந்தி முடிந்து, தாம்பூலப்பையும் கொடுத்தாகிவிட்டது. மணி மூன்று, பிறகு நான்கு. எண்ணூறு பேர், மடியில் தாம்பூலப்பையோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கல்யாணக்காரர்கள் சாமான்களோடு வாசலில் காத்து நின்றார்கள். கடைசியில் மண்டப மேலாளர் மேடை ஏறி வந்து, மணப்பெண்ணின் காதருகே குனிந்தார்.

"தப்பா நெனக்காத, சாமி. ஒரே ஒருக்கா."

மரகதம் மாலையைச் சரிசெய்துகொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்து கைகூப்பினாள்.

"நான் போயிட்டு வர்றேனுங்க."

எண்ணூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தன.