இரண்டு தட்டு

பூங்கா வாசலில் வடிவு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிப்பாள். "இனி பேச்சு கிடையாது. இடுப்புல தொங்குற கட்டையில ரெண்டு தட்டு தட்டினா ஆள் பத்திரம்னு அர்த்தம். யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. பெத்த தாயே கூப்பிட்டாலும் சரிதான்." நடக்க வந்த பட்டணத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் நாள் சாய்வதற்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

பச்சையாற்று வனப்பூங்காவின் நெடும்பாதை, மலைமுகடு நெடுக ஒரு வார நடை. முன்னால் வடிவு, கடைசியில் அவள் கணவன் சுடலைமுத்து, இடையில் ஒரே கயிற்றைப் பிடித்தபடி வருகிறவர்கள். மூச்சு வாங்கும் சத்தமும் கட்டைச் சத்தமும்தான் துணை.

வழிதவறியவர்களைக் காப்பாற்றத்தான் ஒரு காலத்தில் செவித்தூண்களை நட்டார்கள். மரத்தோடு மரமாக நின்று, வெயிலைத் தின்று உயிர் வாழ்பவை. ஆட்கள் பேசுவதைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒருவர் தொலைந்தால் அவருக்கு வேண்டியவர் குரலிலேயே கூப்பிடும். குரலைத் தேடி ஆள் வந்தால் வெற்றி என்று அவற்றுக்குக் கற்பித்தார்கள். எங்கிருந்து எங்கே வரவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கத்தான் அந்த மகா புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை. ஒழுங்காகப் பாதையில் போகிறவர்களையும் தூண்கள் கூப்பிட ஆரம்பித்தன. போனவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். தூணுக்கு அதுவும் வெற்றிதான்.

பிடுங்கி எறியலாமென்றால், காட்டுத்தீயை முதலில் கண்டு சொல்வதும் அதே தூண்கள்தான். ஆகவே தூண்கள் நின்றன. மனிதர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பேச்சைத் தவிர வேறெதையும் அவை காதில் போட்டுக்கொள்ளாததால் கட்டைதான் நம்பிக்கை.

வழிகாட்டிகளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கிளம்புமுன் வீட்டில் வைத்து, காடு கேட்டிராத ஏதாவது ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வார்கள். மறைபேச்சு என்று பெயர். கட்டை கைவிட்டால் அதைக் கேட்டுத்தான் ஆளை நம்புவது. காட்டுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டால் அது செல்லாது. அடுத்த பயணத்துக்குப் புதிது வேண்டும்.

இந்தத் தடவை வடிவும் சுடலைமுத்துவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மறைபேச்சு வைக்க இருவருக்குமே வாய் வரவில்லை.

சண்டை காட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நண்பகல் நிறுத்தத்தில் சுடலைமுத்து அவள் காதருகே குனிந்தான். "இதோட இந்த வேலைய விட்டுருவோம்ட்டி. வீட்டுல நான் கூப்பிட்டாக்கூட நீ திரும்ப மாட்டேங்குற. பொண்டாட்டியா, பொம்மையா?"

"அறிவிருக்கா? இங்க வச்சா பேசுவிய?" என்று அவளும் சீறினாள். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. வடிவு இரண்டு தட்டு தட்டினாள். பின்னாலிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை. கயிற்றின் கடைசி முனையை ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். பிடித்திருந்த கை இல்லை.

"வடிவு..."

கீழே, சரிவுக்குள்ளிருந்து வந்தது. அவன் குரலேதான். "வடிவு, விழுந்துட்டேன். ஒரு கை ஒடிஞ்சு போச்சு, இன்னொண்ணு உடம்புக்கு அடியில மாட்டிக்கிட்டு. கட்டைய எடுக்க முடியல. வாட்டி."

கேட்பதற்கு ஒரு மறைபேச்சு இல்லையே! இத்தனை வருஷ நடையில் காடு கேட்டிராதது எது என்று அவளுக்கே நிச்சயமில்லை. பாழாய்ப்போன கோபம்!

"நான்தான்ட்டி. வேலைய விடுவோம்னு சொன்னேம்லா? பொம்மையான்னு கேட்டேம்லா?"

உண்மைதான். ஆனால் அதை அவன் சொன்னது காட்டுக்குள் வைத்து. நிறுத்தத்துக்குப் பத்தடியில் ஒரு தூண் நின்றது அவளுக்கு நினைவிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள். அவள் உதட்டைக் கடித்து, முன்னால் போய், இரண்டு தட்டு தட்டி நடக்கத் தொடங்கினாள். குரல் வெகுதூரம் வரை அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அழுதது.

காவல் குடிலை அடைந்து பிள்ளைகளை உட்கார வைத்தபின், கம்பியில்லாப் பேசியில் மீட்புப் படையை அழைத்தாள். காதை அடைத்துக்கொண்டு போனவர்கள் மறுநாள் காலையில்தான் அவனைத் தூக்கி வந்தார்கள். ஒரு கை ஒடிந்திருந்தது. மற்றது உடம்புக்கடியில் நசுங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் வடிவு அவன் கால்மாட்டில் உட்கார்ந்து விம்மினாள். "தூணுன்னு நினைச்சிட்டேங்க. நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னைத் திட்டுங்க, நாலு வார்த்தை திட்டுங்க."

"நீ செஞ்சது சரிதான். சட்டப்படி சரி" என்றான் அவன், காற்றாக வந்த குரலில்.

"நீங்க எதுக்குக் கயித்தை விட்டிய?"

சுடலைமுத்து கூரையைப் பார்த்தான். "கீழயிருந்து நீ கூப்பிட்ட. தூணாத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும். ஒருவேளை நீயா இருந்துட்டா? உன் குரல விட்டுட்டுப் போக என்னால முடியலட்டி." அவள் பக்கம் திரும்பிச் சொன்னான்: "உனக்கு முடிஞ்சிருக்கு."

வேலையை அவள் விட்டுவிட்டாள். அவன் கை ஓரளவு கூடிவிட்டது. இப்போது வீட்டில் பேச்சுக்குத் தடையில்லை, காடு கேட்காது. அடுக்களையில் நிற்கும்போது, அவன் ஒருமுறை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டுமே, உடனே திரும்பிவிடுவேன் என்று அவள் காத்திருப்பாள்.

உள்ளறையிலிருந்து அவன் தண்ணீர் கேட்பான். கட்டில் சட்டத்தில், இரண்டு தட்டு.