மோத்தா உப்பளத்தின் நான்காவது மறதி

“போன தடவையும் இதேதான் கேட்டீய. இதே நாற்காலியிலதான் இருந்தீய.”

“வேற யாரையோ நினைச்சுச் சொல்றீங்கம்மா. நான் இங்க வர்றது இதுதான் முதல் தடவை.”

“இதையும்தான் போன தடவை சொன்னீய.”

சந்தனமாரி சிரிக்காமல்தான் சொன்னாள். ஒரு டம்ளர் மோரை எதிரே வைத்துவிட்டு, உப்பு வெடித்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தகரக் கொட்டகைக்கு வெளியே பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அறுபத்திரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் உப்பளம் அது. அவர்களுக்குத் தலைவி அவள்தான்.

பிரமிளா மோரைக் குடித்தாள். களைப்பாக இருந்தது. இன்றைய வேலைக்கான களைப்பாக அது தோன்றவில்லை. காலையில் எழும்போதே, யாரோ முந்தின நாள் முழுக்கத் தன் உடம்பை இரவல் வாங்கி உழைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது போலிருந்தது. அவள் ஒரு பெயர்க்காவலர். பொய்ச் செய்தியால் கெட்டுப்போன பெயரை மீட்டுக் கொடுப்பது தொழில். அவளுடைய அடையாள அட்டையில் ‘மீட்புகள்: 212’ என்று அச்சாகியிருந்தது. அவற்றில் ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. அந்தத் தொழிலில் யாருக்குமே நினைவிருப்பதில்லை.

எல்லாரும் காதில் செவிமணி அணிந்திருந்தார்கள். செய்திகள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வந்தன. கேட்டாலும் படித்தாலும், எந்தச் செய்தி எந்த நொடியில் மனதில் பதிந்தது என்பதைச் செவிமணி குறித்துவைத்துக்கொள்ளும். செய்தி பொய் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால், மீட்பாணை பிறக்கும். பிறகு செவிமணிக்குள் இருக்கும் நினைவெடுப்பி வேலையைத் தொடங்கும். அடுத்த உறக்கத்தில், அதை அறிந்த ஒவ்வொருவர் மனதிலிருந்தும் அந்தச் செய்தி வலியில்லாமல் உருவப்பட்டுவிடும். அதோடு முடிச்சுப் போட்டுக்கொண்ட நினைவுகளும் கூடவே வந்துவிடும். வாக்குவாதங்கள், விசாரணை, மறுப்பு, தீர்ப்பு எல்லாம் போய்விடும். கோப்புகளையும் அழித்துவிடுவார்கள். மறுப்பைப் படித்தால் பொய் ஞாபகம் வரும் அல்லவா?

சட்டம் வந்தபோது மக்கள் பட்டாசு வெடித்ததாகச் சொல்வார்கள். இனி ஒருவர் பெயரில் விழுந்த கறை கறையாகவே நிற்காது என்று.

“காதுல மணி போடலையா நீங்க?” என்று பிரமிளா கேட்டாள்.

“உப்புத்தண்ணி பட்டுப் பட்டுக் காது புண்ணாயிருச்சு. மத்தவளுவ போட்டிருக்காளுவ, என்னாலதான் போட முடியலை. அதனால எனக்குச் சேதியும் வாறதில்ல, வந்தது போறதுமில்ல.” சந்தனமாரி எழுந்து மூலையில் எதையோ துழாவினாள். “நம்ப மாட்டீயன்னு தெரியும். இந்தாங்க. போன வருசம் விட்டுட்டுப் போனீய.”

நீலக் குடை. பிடியில் வெள்ளை மையால் ‘பி. பிரமிளா’ என்று எழுதியிருந்தது. ‘ளா’வின் காலை நீட்டி இழுக்கும் பழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

அது பேருந்தில் தொலைந்துபோனதாக அவள் நினைத்திருந்தாள். அதற்குப் பதிலாக வாங்கிய இன்னொரு நீலக் குடை அவள் மடியில் கிடந்தது.

பிரமிளா இரண்டு குடைகளின் பிடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“எத்தனை தடவை வந்திருக்கேன்?”

“இதோட நாலு. ஒவ்வொரு வருசமும் உப்பு அம்பாரம் உசரும்போது எவனாவது பத்திரிகைக்காரன் கார்ல வாறான். வெயிலுக்குப் பயந்து இறங்க மாட்டான். கண்ணாடியை இறக்கி அந்தப் போர்டைப் போட்டோ பிடிச்சுட்டுப் போயிருவான். பின்னாலேயே நீங்க வாறீய.”

உப்பளத்து வாசலில் அந்தப் பலகை நின்றது. ‘மோத்தா உப்பளம்’. புதுப் பச்சைச் சாயம். சுற்றிலும் பூ வரைந்திருந்தார்கள்.

சில்வெஸ்டர் மோத்தா இருபது கடலோர ஊர்களுக்கு நன்னீர் ஆலை கட்டிக் கொடுத்தவர். கடல்நீரைக் குடிநீராக்கி இலவசமாகக் கொடுக்கும் ஆலைகள். மிஞ்சுகிற கெட்டியான உப்புநீர் குழாய் வழியாக இந்தப் பாத்திகளுக்கு வருகிறது. பத்து நாள் முன்பு ஒரு நாளிதழ் ‘தருமத் தண்ணீர், திருட்டு உப்பு’ என்று எழுதியது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிழவர் தன் சொந்த உப்பளத்தைக் கொழுக்கவைக்கிறார் என்றது. சான்றாகப் பலகையின் படம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிலத்தை அவர் இந்தப் பெண்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதை யாரும் விசாரிக்கவில்லை. மழைக்காலத்தில் உப்பளங்கள் மூடிக் கிடக்கும்போது அவர்தான் அவர்களுக்கு அரிசி அனுப்பினார். அந்த நன்றிக்குத்தான் பெண்கள் அவர் பெயரை விடாமல் வைத்திருந்தார்கள்.

நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. செய்தி பொய். மீட்பாணைக்கு மோத்தாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்கு முன் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி.

“அப்போ போர்டைக் கழற்றிட்டா முடிஞ்சதே! இதை நான் ஒரு தடவைகூடச் சொல்லலையா?”

“சொன்னீய. ரெண்டாந் தடவையே சொன்னீய. கழத்திட்டோம்.”

“பிறகு?”

“பிறகென்ன? எல்லாருக்கும் மறந்துபோச்சு. காலையில வேலைக்கு வந்தவளுவ, போர்டு எங்கன்னு சண்டைக்கு வந்துட்டாளுவ. சோறு போட்ட மனுசன் பேரை எந்த நன்றிகெட்டவ எடுத்தான்னு ஒரே சத்தம். இப்படி ஒரு பொய்ச் சேதி வந்துச்சு, அதுக்காகத்தான் கழத்தினோம்னு நான் சொல்லுதேன். அப்படி ஒரு சேதியே வரலையே, உனக்குக் கிறுக்கான்னு கேக்காளுவ. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெயிண்ட் வாங்கி, முன்னைவிடப் பெருசா மாட்டிட்டாளுவ. போன வருசம் மறுபடி கழத்தினோம். மறுபடி மாட்டியாச்சு. பூவெல்லாம் இந்த வருசம்தான்.”

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுபோனது.

“உங்களுக்குச் சலிக்கலையா?”

“எனக்கென்ன மேடம், மோர் ஊத்துத வேலைதான். உங்களைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசா கோவப்படுதீய.”

மோத்தாவின் அலுவலகம் துறைமுகத்தைப் பார்த்த மாடியில் இருந்தது. அவள் போனபோது மாலை நாலு மணி. ஐந்து மணிக்குள் ஆணைத் தாள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் தொலைபேசி.

“வாம்மா. கொண்டுவந்துட்டியா? எங்க போடணும்?”

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். பிறகு இரண்டு நீலக் குடைகளையும் அதன் பக்கத்தில் வைத்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்போ நான் நாலு தடவை திருடன் ஆகியிருக்கேன்” என்றார். “நல்லவேளை, ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு.”

“எழுதின நிருபருக்கும் பழசு ஞாபகம் இல்லை சார். நாம பொய்யை மட்டும் எடுக்கலை, அது பொய்ங்கிறதையும் சேர்த்து எடுத்துடறோம். போர்டு இருக்கு, குழாய் இருக்கு. புதுசா பார்க்கிற எவனுக்கும் அதே சந்தேகம்தான் வரும்.”

“ஆணை வேண்டாம்னா?”

“தீர்ப்பு நிக்கும். செய்தியும் நிக்கும். பழைய காலத்து மாதிரி. இப்படி எழுதினாங்க, அது பொய்யின்னு ஆச்சுன்னு ரெண்டும் ஜனங்க மனசில இருக்கும். சில பேர் தீர்ப்பை நம்புவாங்க. சில பேர் கடைசி வரை நம்ப மாட்டாங்க. ஆனா இன்னொருத்தன் அதையே எழுத முடியாது.”

மோத்தா தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். மகள் ஜெனிட்டாவின் பெயர். அதன் கீழே அவர் அழைத்து அவள் எடுக்காத அழைப்புகள், பத்து நாட்களாக.

“செய்தி வந்த அன்னிக்குப் பேசினா. ‘அப்பா, உண்மையைச் சொல்லுங்க’ன்னா. அவ்வளவுதான். வச்சுட்டா.” அவர் குரலில் கோபம் இல்லை. “ஊர் நம்பினா நம்பட்டும்மா. அது எனக்குப் பெரிசில்லை. கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு அவளுக்கு உண்மை தெரியவரும். அப்பனையே சந்தேகப்பட்டுட்டோமேன்னு காலம் பூரா உள்ளுக்குள்ள வச்சிருப்பா. அது அவளுக்கு வேண்டாம். காலையில எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி, ‘மாத்திரை போட்டீங்களாப்பா’ன்னு கேட்கட்டும். எனக்கு அது போதும்.”

“போன வருஷமும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க சார். அதுக்கு முந்தின வருஷமும். இந்தச் செய்தியைக் கேட்டதும் திரும்பத் திரும்ப உங்களைச் சந்தேகப்பட்டும் இருக்காங்க. ஒரு தடவைகூட, சந்தேகப்பட்டது தப்புன்னு அவங்க தெரிஞ்சு வச்சுக்க நீங்க விடலை.”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். கீழே துறைமுகத்தில் உப்பு மூட்டைகள் பாரந்தூக்கியில் ஏறிக்கொண்டிருந்தன. பிரமிளா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த அறைக்கும் முன்பே வந்திருக்கிறாள். இதே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். ஒருவேளை இதையே சொல்லித் தோற்றும் இருக்கலாம்.

பேனா முனை தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

“சார்,” என்றாள். “மூணாவது குடை வாங்க எனக்குத் தெம்பில்லை. இந்த ஒரு தடவை கையெழுத்துப் போடாம, உங்க மகளுக்கு இன்னொரு தடவை போன் பண்ணிப் பார்க்கிறீங்களா?”