படத்தில் ஆள் விழக்கூடாது

காலை ஏழரை மணிக்குக் கல்லூரிக் கட்டடம் விழித்துக்கொண்டு, முதல் வேலையாக உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது. ஒருவரும் இல்லை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி எண்ணியது. அப்போதும் இல்லை. உடனே கீழ்த்தளத்து ஜன்னல்கள் முப்பத்தாறையும் திறந்து மூடியது. பிறகு மணியை அடித்தது.

பவானி ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரிக்கு நூற்றிருபது வயது. சென்ற ஆண்டு புதுப்பித்தபோது சுவர்களுக்குள் உணர்நூல் பதித்து, மொட்டை மாடியில் கட்டடத்தின் மூளையாக ஒரு 'மனைமதி'யைப் பொருத்தினார்கள். 2093இல் மனைமதி இல்லாத கட்டடத்தைக் கட்டடம் என்றே யாரும் சொல்வதில்லை. மாணவி இருக்கும் அறைக்கு அது காற்றும் வெளிச்சமும் அனுப்பும். பதினேழிலிருந்து இருபத்திரண்டு வயது வரையுள்ளவர்களின் நாடித்துடிப்புதான் அதன் கணக்கில் ஆள். பேராசிரியர்களை அது மேசை நாற்காலிகளோடு சேர்த்துவிட்டது. மாணவி யாரும் இல்லையென்றால் அதற்கு இருப்புக்கொள்ளாது. கதவு கதவாகத் திறந்து தேட ஆரம்பித்துவிடும்.

அன்று அறுநூறு மாணவிகளையும் முதல்வர் தெய்வானை சாலையோரப் புங்கமரத்தடிக்கு அனுப்பியிருந்தார். படம் எடுக்கும் நாள் அது.

கல்லூரிகளை ஆய்வு செய்யக் குழு வருவதும், அதற்கு விருந்து வைப்பதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. இப்போது 'தரக்கோல்' என்ற ஓர் இயந்திர அறிவு, படங்களைப் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. அறுபது தாண்டினால் இருநூற்று நாற்பது புதிய இடங்கள். தாண்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. படங்கள் மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். படத்தில் பிறகு கைவைக்கவும் வழியில்லை. மெய்ப்படச் சட்டம் வந்த பிறகு எல்லாக் காமிராக்களும் முத்திரையிட்டவை. எதிரில் இருப்பதை மட்டுமே எடுக்கும். எடுத்ததை அழிக்கவும் விடாது. முந்தைய ஆண்டு ஒரு கல்லூரி, கைப்பிடிச் சுவரில் காய்ந்த ஒரு துண்டால் இரண்டு மதிப்பெண்ணை இழந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து தெய்வானை முதலில் துண்டுகளை அகற்றினார், அப்புறம் சைக்கிள்களை, அறிவிப்புப் பலகையை, வாசலில் கிடந்த செருப்புகளை. கடைசியில் மிச்சமிருந்தது மாணவிகள்தான்.

இதில் படக்காரர் சென்னியப்பனுக்குப் பூரண சம்மதம். இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரிக் கட்டடங்களை மட்டுமே எடுப்பவர். தூண் நூல் பிடித்தாற்போல நிற்க வேண்டும், படத்தில் ஆள் விழக்கூடாது. இவை இரண்டும்தான் அவர் தொழிலில் கற்றது, கடைப்பிடித்தது எல்லாம். ஆள் நின்றால் பார்ப்பவன் கண் ஆளிடம் போய்விடும், சுவரை எவன் பார்ப்பான் என்பார்.

அவருடைய மகள் மயிலாத்தாளும் வந்திருந்தாள். நீரியல் படிக்க விண்ணப்பித்து, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக நின்றாள். புதிய இடங்கள் வந்தால் அவளுக்கு ஒன்று நிச்சயம். வராவிட்டால் நானூறு கிலோமீட்டர் தள்ளி, உப்பிலிருந்து நெகிழியைப் பிரித்தெடுக்கும் ஆலையில் பயிற்சி வேலை காத்திருந்தது. தான் உட்காரப்போகும் வகுப்பைப் பார்த்துவிடலாம் என்று நீரியல் கூடத்துக்குள் போனவள், முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் தொங்கவிட்டாள். பதினேழு வயது நாடி கிடைத்ததும் கட்டடம் சட்டென்று அமைதியானது. ஜன்னல்கள் தாமாகச் சரிந்து ஆற்று வெளிச்சத்தை அவள் மேல் விட்டன. அவள் சிரித்தாள். வெளிச்சம் சரிபார்க்க சென்னியப்பன் ஒரு படம் எடுத்தார்.

"அம்மணி, எந்திரிச்சு வெளிய போ. படத்துல ஆள் விழக்கூடாது."

அவள் போனாள். போனதும் ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

அதிலிருந்து பகல் முழுவதும் ஒரே அல்லாட்டம். காமிராவை நிலைநிறுத்தி மூச்சைப் பிடிப்பதற்குள் விளக்கு எரியும், விசிறி சுழலும், மேல்மாடிக் கதவு ஒன்று ஆளைத் தேடித் திறக்கும். இன்று விடுமுறை என்று மனைமதியிடம் சொல்லிப் பார்த்தார்கள். அது எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டு இருட்டாக்கிக்கொண்டு தூங்கிப்போனது. எழுப்ப அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு மணிக்குச் சென்னியப்பனிடம் ஒரு நல்ல படம்கூட இல்லை. வெயில் மேற்கே சாயத் தொடங்கியது. மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வழி கண்டுபிடித்தவர் தெய்வானை. முப்பது வருடமாக ஆய்வுகளைச் சமாளித்தவரின் மூளை அது. ஆள் இருப்பது கட்டடத்துக்குத் தெரிய வேண்டும், காமிராவுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதானே என்றார். நாற்பது பெண்களை உள்ளே கூப்பிட்டு மேசைக்கு அடியிலும் தூணுக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார். மயிலாத்தாளும் ஒரு பெஞ்சுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டடம் அமைதியானது. காற்று இதமாக வந்தது. அறைக்கு அறை அந்த நாற்பது பேரும் குனிந்தபடியே ஓட, சென்னியப்பன் பின்னாலேயே போய் எடுத்தார். நாலு மணிக்கு நீரியல் கூடத்தில் கடைசிப் படம். ஒரு மயிர்கூட விழாத அறுபது படங்கள் தரக்கோலுக்குப் போயின. திரும்ப எடுக்கச் சொன்னாலும் சொல்லும் என்று, பெண்களை அப்படியே இருக்கச் சொன்னார் தெய்வானை.

இருபதாவது நிமிடம் பதில் வந்தது. நூற்றுக்கு நூறு.

தெய்வானைக்குக் கண் கலங்கிவிட்டது. நாட்டில் எந்தக் கல்லூரியும் நூறு வாங்கியதில்லை. வாசலில் வைக்கப் பேனருக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே அளவு பார்க்கத் தொடங்கினார். சென்னியப்பன் அடுத்த வரியைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். 'இந்தச் சிறந்த நிலை மாறாமல் காக்கப்பட வேண்டும். அனுமதிக்கப்படும் மாணவிகள்: யாரும் இல்லை.'

தவறாக வந்திருக்கும் என்று நினைத்துத் தரக்கோலையே அழைத்துக் கேட்டார். அது பொறுமையாகப் பதில் சொன்னது.

"தவறு இல்லை. நல்ல கல்லூரி எப்படி இருக்கும் என்பதை, நூறாண்டு காலக் கல்லூரி விளம்பர ஏடுகளைப் பார்த்துக் கற்றேன். எல்லாமே மனிதர்கள் எடுத்தவை. எவ்வளவு சிறந்த கல்லூரியோ, அவ்வளவுக்குப் படங்களில் மாணவர் குறைவு. மாணவர் நிறைந்த படங்களில் மறியலும் கட்டண வரிசையும்தான் இருந்தன. உங்கள் படங்கள் மட்டும் பதினோராயிரம். அவற்றிலிருந்துதான் அதிகம் கற்றேன், ஐயா."

சென்னியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக எத்தனை ஆயிரம் பிள்ளைகளைச் சற்றுத் தள்ளிப் போகச் சொல்லியிருப்பார். காலையில் எடுத்த சோதனைப் படம் நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்து அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டார். எண்பத்திரண்டு மதிப்பெண், இருநூற்று நாற்பது இடங்கள், ஐந்து மணிக்குள் முதல்வர் கைரேகை வைத்து அனுப்பினால் போதும் என்றது தரக்கோல்.

மணி நாலு ஐம்பது. அவர் படத்தைத் தெய்வானையிடம் நீட்டினார். வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மயிலாத்தாள். தெய்வானை விரலைக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

"எம்பத்திரண்டுங்களாண்ணா?" என்றார். "ஆத்துக்கு அந்தப்பக்கக் காலேஜே எம்பத்தஞ்சு வாங்கியிருக்குதுங்களே."

சென்னியப்பன் மறுத்துப் பேசத்தான் வாயெடுத்தார். படத்தை இன்னொரு முறை பார்த்தார். நூறு வாங்கிய அறுபது படங்களுக்கு நடுவில், தன் பெயரோடு போகப்போகும் அந்த ஒரு படத்தில், இடப்பக்கத் தூண் ஒரு நூல் சாய்ந்திருந்தது. காலையில் அவசரத்தில் கவனிக்கவில்லை. மறுப்பதை விட்டுவிட்டு, சாய்வை விரலால் அளக்கத் தொடங்கினார்.

முதல் பெஞ்சுக்கு அடியிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, காலு மரத்துப்போச்சுங்க. எந்திரிச்சுக்கட்டுங்களா?"

தெய்வானை மணியைப் பார்த்தார். சென்னியப்பன் தூணைப் பார்த்தார். கட்டடம் மட்டும், உள்ளே நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி முடித்து, விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழலவிட்டது.