வாளுக்கு வைத்த பொட்டு

முகம் கழுவிவிட்டு வந்த பிறகும் ரதியின் நெற்றியில் பொட்டு இருந்தது. ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றிக் குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டியதை ஜனார்த்தன் தன் கண்ணாலேயே பார்த்தான். ஆனாலும் இரண்டு புருவங்களுக்கும் நடுவில் குன்றிமணி அளவில் ஒரு மண்ணிறம் மங்கலாகத் தங்கியிருந்தது.

"உந்தப் பசை எனக்கு ஒத்துவரேல்லைப் போல," என்று துவாயால் அழுத்தித் துடைத்தாள். "ரெண்டு நாளாப் போகுதில்லையப்பா."

அந்த நிறம் அவனுக்குப் பழக்கமானது. அதே நிறத்தை, அதே அளவில், மூன்று கிழமைக்கு முன்பு ஒரு ஜப்பானிய வாளில் பார்த்திருந்தான்.

வாள் அவனுடையது அல்ல. அவனுடைய பைத்தியம் மண். ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரத்து வீட்டின் பேஸ்மென்ட் தட்டுகளில் ஜப்பானியக் கோப்பைகளும் கிண்ணங்களும் சாடிகளுமாக இருபத்திரண்டு உருப்படிகள் இருந்தன. ரதி அவற்றைச் சட்டிபானை என்பாள். வாள், கூட வேலை செய்யும் அன்ட்ரூவினுடையது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் என்பதற்காகவே பசிபிக் கரையிலிருந்து துரத்தப்பட்ட அவனுடைய தாத்தா, வீட்டையும் படகையும் பறிகொடுத்து, இது ஒன்றை மட்டும் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தாராம். செப்டெம்பர் மழையில் அன்ட்ரூவின் பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஈரம் காயும்வரை வைத்திருக்கும்படி வாளை இவனிடம் கொடுத்தான்.

பராமரிக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தான். அலகில் விரல் படக்கூடாது. உறையிலிருந்து எடுத்த வாளுக்கு மேலே பேசவும் கூடாது, எச்சில் தெறிக்கும். பழைய எண்ணெயை மெல்லிய கடதாசியால் துடைத்து, கல்மாவு கட்டிய பட்டு உருண்டையால் பொத் பொத்தென்று தட்டி, மறுபடி துடைத்து, கராம்பு வாசனை எண்ணெய் பூச வேண்டும். எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் அதற்கு யமன் என்றான். "வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்" என்றும் சொன்னான்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசை அன்று மற்ற வீடுகளில் லப்டொப்பையும் கார்ச் சாவியையும் வைத்தார்கள். ஜனார்த்தன் வாளை உருவிச் சிவப்புப் பட்டின்மேல் வைத்தான். "உது ஆரோ ஒராளின்ரை சாமான். அவரைக் கேட்டனீங்களோ?" என்று ரதி கேட்டாள். "பொட்டுத்தானே, என்ன வந்திடும்?" என்றான். பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தொட்டு நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, பிடிக்குப் பக்கத்தில் ஒன்று என்று மூன்று பொட்டு வைத்து, அவற்றின்மேல் குங்குமமும் வைத்தான்.

"அத்தான், ஆயுத பூசைக்கு உண்மையான ஆயுதம் வைச்ச ஆள் ரொறொன்ரோவிலேயே நீங்கள்தான்," என்று ரதியின் தம்பி வினோதன் படம் எடுத்தான். ஜனார்த்தனுக்குத் தலைகால் தெரியவில்லை.

பூசையில் வைத்ததை விஜயதசமி காலைவரை அசைக்கக்கூடாது. அவனும் அசைக்கவில்லை. காலையில் சந்தனத்தை வழித்தபோது அதன் கீழே மூன்று மண்ணிறத் துருப் பொட்டுகள் இருந்தன. கல்மாவால் தட்டினான், துடைத்தான், எண்ணெய் பூசினான், மறுபடியும் தட்டினான். அவை போகவில்லை.

போன சனிக்கிழமை அன்ட்ரூ வந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்து வாளை அரைவாசி உருவியவன் அப்படியே நின்றுவிட்டான். யார் செய்தது என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டான்.

"மனைவி," என்றான் ஜனார்த்தன். "தெரியாமல் செய்துவிட்டாள்."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே தேத்தண்ணீர் ஆற்றும் சத்தம் ஒருகணம் நின்று, மறுபடி தொடங்கியது.

அன்ட்ரூ கோபிக்கவில்லை. "தேய்த்து எடுக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்க இரும்பு குறையும். இது ஏற்கனவே மெலிந்த வாள்," என்றான். புறப்படும்போது, "மனைவியை ஏசாதே," என்றும் சொன்னான். அவன் ஏசியிருந்தால் ஜனார்த்தனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அன்ட்ரூ தேத்தண்ணீருக்கு ரதியிடம் நன்றி சொன்னபோது அவள் சிரித்தாள். குசினியில் அவளுக்கு அந்தப் பொய் கேட்டதா, கேட்கவில்லையா? ஜனார்த்தன் அவளிடம் விசாரிக்கவே இல்லை.

அடுத்த நாள்தான் நெற்றியில் அந்த மண்ணிறம் வந்தது.

புதன்கிழமை குடும்ப டொக்டர் அலர்ஜி என்று ஒரு கிறீம் எழுதினார். அன்றிரவு அவளுடைய தலையணையில் ஒரு வாசனை, முதலில் மெல்லியதாக, பிறகு மூக்கைக் குத்தும்படியாக, புது எண்ணெய் பூசி மூடிய பெட்டியைத் திறந்ததுபோல எழும்பியது. கராம்பு. பல்லுக்கு ஏதும் பூசினீரோ என்று கேட்டான். இல்லையே என்றாள். வியாழக்கிழமை தொண்டைக் குழியில் இரண்டாவது பொட்டு இருந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுடையது குறுகுறுக்கவில்லை, கனத்தது. அவள் தோசை வார்க்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் மகளோடு வீடியோவில் கதைக்கும்போதும் அவன் கண் அந்த இரண்டு பொட்டுகளிலேயே நின்றது. "என்னப்பா, பொம்பிளை பாக்க வந்த மாதிரிப் பாக்கிறீங்கள்?" என்று அவள் பகிடி விட்டாள். அவன் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்தது. விரலில் மண்ணிறத் தூள் ஒட்டியது.

சொல்லிவிட வேண்டும். அன்ட்ரூவுக்கு உண்மையைச் சொன்னால் இது நின்றுவிடும் என்று அவன் உறுதியாக நம்பினான்.

வெள்ளிக்கிழமை. குளிர்காலத்துக்கு மணிக்கூட்டைப் பின்தள்ளிய கிழமை என்பதால் ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்து ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. பேஸ்மென்ட்டில் ஹீற்றர் உறுமி அடங்கியது. வேலையால் வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், லைற் போடாத ஹோலில் போனும் கையுமாக நின்றான். மேல்மாடிக் குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பொத். பொத். பொத்.

பட்டு உருண்டைச் சத்தம். அது இங்கே இருக்க முடியாது. வாளோடு கல்மாவையும் எண்ணெயையும் கடதாசியையும் அன்ட்ரூ கொண்டு போய்விட்டான்.

"ரதி! என்ன செய்யிறீர்?"

"பவுடர் போடுறன். தம்பி வீட்டுப் பார்ட்டிக்கு உந்த அடையாளத்தோட எப்பிடிப் போறது?" என்றாள். "நெஞ்சிலயும் ஒண்டு வந்திட்டுதப்பா."

மூன்று.

அன்ட்ரூவை அழைத்தான். மணி ஒருமுறைதான் அடித்தது.

"அன்ட்ரூ, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பொட்டு..."

"நானே உன்னைக் கூப்பிட இருந்தேன்!" அன்ட்ரூவின் குரலில் சிரிப்பு இருந்தது. "வாள் திருத்துகிறவரிடம் கொண்டுபோய் இப்போதுதான் உருவினோம். ஒன்றுமே இல்லை. மூன்றும் போய்விட்டன. தேய்த்த அடையாளம்கூட இல்லை. அவருக்கே நம்ப முடியவில்லை."

ஜனார்த்தன் சுவரில் சாய்ந்தான். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போலிருந்தது. வாள் சுத்தமாகிவிட்டது. அப்படியென்றால் சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது? சொல்லி எதற்கு? நல்ல நண்பன். நல்ல பெயர். இரண்டும் மிஞ்சுமே.

"நீ ஏதோ சொல்ல வந்தாயே?" என்றான் அன்ட்ரூ.

மேலே தட்டும் சத்தம் நின்றது.

"இல்லை. மனைவி கவலைப்பட்டாள், அதுதான் எடுத்தேன்," என்றான் ஜனார்த்தன். "சொல்கிறேன். சந்தோசப்படுவாள்."

போனை வைத்தான்.

குளியலறைக் கதவு திறந்தது. வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு ரதி படியின் தலையில் வந்து நின்றாள். முகம் இருட்டாக இருந்தது. கராம்பு வாசனை படியிறங்கி வந்தது.

"அன்ட்ரூவோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"போயிட்டுதாம். வாளில இருந்தது... எல்லாம் போயிட்டுதாம்."

"நல்லதாப் போச்சு." அவள் குரல் ஆறுதலாகவே இருந்தது. "நான்தானே வைச்சனான், எனக்கும் கவலையாக் கிடந்தது."

"ரதி..."

அவள் ஒரு படி இறங்கினாள். அவன் லைற்றைப் போடவில்லை. போட வேண்டியிருக்கவில்லை.

தொண்டைக் குழியில் ஒன்று. நெஞ்சில், சட்டைத் துணியையும் தாண்டி ஒன்று. நெற்றியில் ஒன்று.

பொட்டளவு. வட்டமாக. விளிம்பில் மண்ணிறத் தூள்.

அந்த மூன்று ஓட்டைகளின் வழியாகவும், அவளுக்குப் பின்னால் எரிந்த குளியலறை லைற் அவன் முகத்தில் அடித்தது.