பேனுக்குக் கண் உண்டா?

போட்டோ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சினேகாவுக்கு இருப்புக் கொள்ளாது. தலை சீவி, பொட்டு வைத்து, பக்கத்தில் நிற்பவரின் காலரையும் இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் ஓய்வாள்.

அவள் திருத்தணி மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் படித்தாள். அந்த வகுப்புக்கு ஒரு நுண்ணோக்கி தேவைப்பட்டது. பள்ளியில் பழையது ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அதில் எதை வைத்துப் பார்த்தாலும் பார்ப்பவரின் கண்ணிமை மட்டும்தான் தெரியும்.

அறிவியல் ஆசிரியை யோகலட்சுமி ஒருநாள் தன் போனில் ஓர் இணையதளத்தைக் காட்டினார்.

"நம்ம வகுப்புக்கு என்ன வேணும்னு இதுல எழுதிப் போடலாம். எந்த ஊர்ல இருக்கறவங்களும் பாப்பாங்க. பிடிச்சிருந்தா முடிஞ்சதைக் குடுப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள இந்தப் பச்சைக் கோடு முழுசா நிரம்பிட்டா நமக்கு நுண்ணோக்கி வந்துடும்."

"நிரம்பலன்னா மிஸ்?" என்று கேட்டான் ஆகாஷ்.

"குடுத்தவங்களுக்கே திரும்பிப் போயிடும். நமக்கு ஒண்ணும் வராது. நாளைக்கு வகுப்பை ஒரு போட்டோ எடுத்துப் போடணும்."

அவ்வளவுதான். மற்றதையெல்லாம் சினேகா பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெண்கள் எல்லாரும் பட்டுப் பாவாடையில் வந்தார்கள். பையன்கள் வேட்டி கட்டி, அது அவிழாமல் இருக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். சினேகாவின் அக்கா வீட்டுக்காரர் சுதாகர், பந்தல் சாமான்களை வாடகைக்கு விடுபவர். அவர் ஆட்டோவில் சிவப்பு சோபா ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"எதுக்கு பாவா இவ்ளோ பெருசு?" என்றாள் சினேகா.

"வெளியூர்க்காரங்க பாக்கப் போறாங்க இல்ல? நம்ம ஊரு மானம் இருக்குதே."

மாவிலைத் தோரணத்தின் கீழே, தங்கநிறக் கைப்பிடி வைத்த சோபாவில் யோகலட்சுமி மிஸ் கூச்சத்தோடு உட்கார, சுற்றிலும் எல்லாரும் நின்றார்கள். படம் ஜோராக வந்தது.

இரண்டு வாரம் ஆயிற்று. பச்சைக் கோடு துளிகூட நகரவில்லை. படத்தின் கீழே இரண்டே குறிப்புகள் இருந்தன. 'மணமக்கள் பல்லாண்டு வாழ்க' என்றது முதலாவது. அதைப் படித்துவிட்டு மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். 'இவ்வளவு வசதியான பள்ளிக்கு எதற்கு உதவி?' என்ற இரண்டாவதைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மதியம் சினேகா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நுண்ணோக்கி வராமல் போனால் அதற்குத் தான்தான் காரணம் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

"வேற போட்டோ எடுக்கலாம்" என்றான் ஆகாஷ். "கிழிஞ்ச சட்டை போட்டுகினு, சோகமா நிக்கலாம். அப்பதான் பாவம்னு குடுப்பாங்க."

மிஸ்ஸிடம் கேட்டு போனை வாங்கிக்கொண்டு எல்லாரும் கழிவறைச் சுவரின் அருகே போனார்கள். ஆகாஷ் தலையில் மண்ணைத் தூவிக்கொண்டான். அனுசுயா உதட்டைப் பிதுக்கினாள். போன் திரையில் அந்த முகங்களைப் பார்த்ததும் சினேகாவுக்கு என்னவோ போல் இருந்தது.

"வேணாம். இது பொய்" என்றாள்.

"சோபா மட்டும் நெசமா?" என்றாள் அனுசுயா.

சினேகா போனைக் கீழே இறக்கினாள். அனுசுயா சொன்னது சரிதானே.

எல்லாரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். அனுசுயா தலையைச் சொறிந்தாள். விரலில் ஏதோ சிக்கியது. அதை மேசைமேல் விட்டுவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, பேனுக்குக் கண்ணு இருக்குமா?"

"இல்லாமயா அது உன் தலைக்கு வழி கண்டுபிடிச்சு வந்துச்சு?" என்றான் ஆகாஷ்.

"கண்ணே கிடையாது, மோப்பம்தான்" என்றான் ராஜேஷ்.

வகுப்பே அந்த மேசைமேல் கவிழ்ந்தது. தலைகள் மோதின. ஒருவன் பெஞ்சுமேல் ஏறி எட்டிப் பார்த்தான். போட்டோ ஞாபகமே யாருக்கும் இல்லை, சினேகாவைத் தவிர.

அவள் சத்தம் போடாமல் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். சீவாத தலை, கசங்கிய சட்டை, ஒருவர் முகமும் தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு நுண்ணோக்கி எதற்கு என்று அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் புரியும்.

"எல்லாரும் ஆளுக்கொரு கேள்வி சொல்லுங்க" என்றாள். "நம்ம கண்ணால பாக்க முடியாதது எதுவா இருந்தாலும் சரி."

"சரவணப் பொய்கைத் தண்ணி ஒரு சொட்டுல யாரு யாரு குடியிருக்காங்க?" இது ஆகாஷ்.

"தறியில நூலு அறுந்துபோற எடம் எப்படி இருக்கும்?" என்றான் ராஜேஷ். அவன் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது.

"என் கேள்வியைப் போடு, பேரைப் போடாத" என்று காதோடு சொன்னாள் அனுசுயா.

'எங்கள் வகுப்புப் பேனுக்குக் கண் உண்டா?' என்று எழுதினாள் சினேகா. எல்லாக் கேள்விகளுக்கும் கீழே, 'நுண்ணோக்கி வந்ததும் பார்த்து, உங்களுக்கும் பதில் சொல்வோம்' என்று சேர்த்தாள். மிஸ் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் அப்படியே போட்டார்.

மறுநாள் காலையிலேயே கோடு நகர்ந்திருந்தது.

'பொய்கைத் தண்ணீருக்காக' என்று எழுதியிருந்தார் அரக்கோணத்து ரயில்வே ஊழியர் ஒருவர். 'நூலுக்காக. பதிலை மறந்துவிடாதீர்கள்' என்றது நெசவுக்குப் பேர்போன அம்மையார்குப்பத்திலிருந்து வந்த குறிப்பு. பேனுக்காகக் கொடுத்தவர்கள்தான் அதிகம்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. பள்ளி விட்ட பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டின் நுனியில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. மிஸ் போனை மேசைமேல் வைத்துவிட்டார். சினேகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வந்துகினு இருக்குது, வந்துகினு இருக்குது" என்றான் ஆகாஷ். பிறகு அவன் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே ஓடிவந்துவிட்டார். கோடு முழுக்கப் பச்சை. கடைசியாகக் கொடுத்தவர் எழுதியிருந்தார்: 'பதில் தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. சீக்கிரம் பாருங்கள்.'

நுண்ணோக்கி வந்த அன்று முதலில் பார்க்கும் உரிமையை வகுப்பு அனுசுயாவுக்குக் கொடுத்தது. அவள் குனிந்தாள், குமிழைத் திருகினாள், நிமிர்ந்தாள்.

"இருக்குது. பக்கத்துக்கு ஒண்ணா, ரெண்டு."

எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். பொய்கைத் தண்ணீரில் நீந்தியவற்றை ஆகாஷ் வரைந்தான், அறுந்த நூலின் பிசிறுகளை ராஜேஷ் வரைந்தான். படங்களும் பதில்களும் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன.

அத்தோடு விஷயம் முடியும் என்று பார்த்தால், அடுத்த வாரமே ரயில்வே ஊழியரிடமிருந்து செய்தி வந்தது. 'தண்டவாளத் துரு கிட்டத்தில் எப்படி இருக்கும்? பல வருஷச் சந்தேகம். அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?' அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் மகரந்தம், உப்பு, மீன் செதில் என்று கேட்டிருந்தார்கள்.

சினேகா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் தட்டினாள்:

'அனுப்புங்கள். இங்கே வேலை கொஞ்சம் அதிகம். திங்கட்கிழமை சொல்கிறோம்.'