ரத்தம் உறைந்த குழாய்கள்

துப்பறிவாளரின் அறைக்கு வந்த பெண் உட்காரக்கூட இல்லை. தன் தம்பிதான் வேலையைக் கெடுக்கிறான் என்றும், அதை நிரூபித்துத் தர வேண்டும் என்றும் நின்றபடியே சொன்னாள்.

அவள் வேதியியலாளர். பிளாஸ்டிக்கைத் தொட்டால் ரத்தம் அதை வேற்றாள் என்று கண்டு உறைந்துவிடும். குழந்தைகளின் இதய அறுவைக்கான பிளாஸ்டிக் குழாய்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, குழாயின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு ஏற்றி ரத்தத்தை ஏமாற்றுவதுதான் அவள் வேலை. சில நாட்களாகச் சோதனையில் எல்லாக் குழாய்களிலும் ரத்தம் கட்டிக்கொண்டது. மருத்துவமனையோ காத்திருந்தது. பெட்டியைக் கையாள்வது அவளும் உதவியாளனான தம்பியும் மட்டுமே. அவனோடு சண்டை வேறு. நேற்று அவனை வேலையை விட்டே அனுப்பிவிட்டாள்.

"முன்னெல்லாம் பெட்டிக் கதவு தலைவலி வர்ற மாதிரி கத்தும். இப்ப அவன் எப்ப திறக்கிறான், எப்ப மூடுறான்னே தெரியல."

துப்பறிவாளரின் மைத்துனன், அவருக்கு உதவியாளனும் அவனே, தம்பியைப் பின்தொடர அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். முதலில் குழாயைப் பார்க்கலாம் என்று அவர் அவனை அடக்கினார்.

ஆய்வுக்கூடத்தில் பழைய நல்ல குழாய் ஒன்றையும் கெட்டது ஒன்றையும் பிளக்கச் சொல்லி, உள்ளே நீர் சொட்டினார். நல்லதில் நீர் பரவியது. கெட்டதில் முத்தாக உருண்டு நின்றது. பிறகு பெட்டிக் கதவின் கீலைத் தடவி விரலை முகர்ந்தார்.

தினமும் மாலையில் அவளை அழைத்துப்போக ஆய்வுக்கூடத்துக்கு வரும் கணவரையும் அன்று உட்கார வைத்தார்.

"கீல்ல எண்ணெய் போட்டிருக்கு. பெட்டியில காத்தை உறிஞ்சும்போது அது ஆவியாகிக் குழாயில படியுது. எண்ணெய்ப் பசை மேல பூச்சு எப்படிப் பிடிக்கும்?"

"அப்ப தம்பிதான்" என்றான் மைத்துனன்.

"கெடுக்கணும்னா அவன் பூச்சுக் கலவையிலயே கை வச்சிருப்பான் மாப்ளே. இது கெடுக்கிறதுக்குப் போட்ட எண்ணெய் இல்ல, சத்தத்தை நிறுத்தப் போட்டது. தலைவலி இவங்களுக்கு. அது தீரணும்னு யாருக்கு அக்கறை?"

எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நீ கோட்டு மாத்தப் போனப்ப ரெண்டு சொட்டு விட்டேன். தினமும் தலைவலின்னு சொன்னியே."

திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது. பெட்டியைத் துடைத்துச் சுத்தம் செய்தபின் பூச்சு ஏற்றிய குழாய்களில் ரத்தம் தடையின்றி ஓடியது. அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி, தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்கு வருவாயா என்றாள்.

"அம்மாகிட்ட லீவுன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றான் தம்பி. "நாளைக்கு வரேன்க்கா."