கடைசியில் வருகிறவன்

காரை நிறுத்தியதும் டோன் இறங்கிப்போய் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் இறங்கவில்லை. என் தம்பி யெல்லே அந்தப் பக்கக் கதவு வழியாக எப்போதோ இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி ஜிப்பை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு மாமா கதவைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்றான்.

டோன் கதவைச் சாத்தினான். அந்தக் கதவு வழியாக இருபது வருஷமாக இறங்கியவன் ரிக்கர்ட். பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன், ஒரு நாள் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவனுடைய ஊதா டிராக்சூட்டைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம். அதன் பையில் நவச்சாரம் போட்ட அதிமதுர மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை யெல்லே வைத்தான். அந்தக் கண்றாவி மிட்டாய் இல்லாமல் ரிக்கர்ட்டை யாரும் பார்த்ததில்லை. பேச வாயைத் திறந்தாலே அந்த வாடைதான்.

நான் மார்லூஸ். ரோட்டர்டாமில் டிராம் ஓட்டுகிறேன். பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை. டோன் என் புருஷன். நாங்கள் நாலு பேரும் பதினாறு பதினேழு வயசிலிருந்து காது கிழிகிற வேகத்தில் அடிக்கும் இந்த ஹார்ட்கோர் பாட்டு ஆட்டத்துக்கு வருகிறவர்கள். இப்போது எல்லாருக்கும் முட்டி வலி.

"அப்பல்லாம் மொட்டை அடிச்சுட்டு வருவோம்," என்றான் டோன், தலையைத் தடவிக்கொண்டு. "இப்ப அந்தச் செலவும் மிச்சம்."

யெல்லே சிரித்தான். அவன் சிரித்தால் எனக்குப் பயமாக இருந்தது அப்போதெல்லாம். ஏப்ரலில் அவன் இதயம் மக்கர் செய்தது. தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்துத் தைத்திருக்கிறார்கள். இதயம் தறிகெட்டு ஓடினால் அது உள்ளேயிருந்தே ஒரு அடி கொடுக்கும். நின்று பாட்டுக் கேட்கலாம், ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளம்பும்போது அவன் பெண்டாட்டி சாஸ்கியா, தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் வந்தாள்.

"கூட்டிட்டுப் போறது நீங்க அண்ணி. கூட்டிட்டு வரவேண்டியதும் நீங்கதான்."

வேண்டாம் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன்தான். அடுத்த மாதம் ஆட்டம் நடக்கிற கிடங்கையே இடிக்கப்போகிறார்கள், ரிக்கர்ட் இல்லாமல் வரும் முதல் ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுவே. நான் கூட்டிப்போகாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருப்பான். அதைவிட இது தேவலை என்று நினைத்தேன்.

அது ஒரு காலத்தில் வாழைப்பழக் கிடங்கு. கப்பலில் காயாக வந்ததை இருட்டில் பழுக்கவைப்பார்கள். அதனால் ஜன்னல் என்று ஒன்றுகூடக் கிடையாது. வெளியே மாஸ் ஆற்றுக் காற்று, டீசல், உருளைக்கிழங்கு பொரிக்கும் எண்ணெய். கனமான ரப்பர் திரையை விலக்கி உள்ளே போனால் அத்தனையும் அறுந்துவிடும். வியர்வை, புகைக் கருவியின் தித்திப்பு வாடை, அப்புறம் பாட்டின் அந்த அடி. காதில் பஞ்சு வைத்தாலும் அந்த அடி பாதத்தில் ஏறி விலாவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் வருகிறோம்.

உள்ளே பேச்சு எடுபடாது. புகையில் முன்னால் நிற்பவன் முகமும் தெரியாது. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே மொட்டைத் தலை, ஒரே பளபள டிராக்சூட். அதனால் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு. கூட்டத்தைத் தாண்டிப் போகும்போது முன்னால் போகிறவரின் ஜாக்கெட் விளிம்பைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது, திரும்பினால் சங்கிலி அறுந்துவிடும். நெரிசலில் டோன் நிற்பான். அப்போது கடைசியில் இருக்கிறவர் தனக்கு முன்னால் இருப்பவர் முதுகில் இரண்டு தட்டு தட்டணும். அவர் அதை அடுத்தவருக்குக் கடத்தணும். தட்டு டோன் முதுகுக்கு வந்து சேர்ந்தால் எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். வராவிட்டால் அவன் நகரவே மாட்டான், மலையைப் போல நிற்பான்.

டோன், நான், யெல்லே, ரிக்கர்ட். வரிசை மாறினதே கிடையாது. ரிக்கர்ட் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கட்டைவிரலால் முதுகுத்தண்டில் ஒரு தேய் தேய்ப்பான். யெல்லேக்குக் கூச்சம் தாங்காது, நெளிவான். அது அவனுக்கு மட்டும். எங்களுக்கு வெறும் தட்டுதான் வரும்.

அன்றைக்கு மூன்று பேராக உள்ளே போனோம். பாதியில் டோன் நின்றான். கொஞ்சம் தாமதமானாலும் என் முதுகில் இரண்டு தட்டு வந்தது. நான் டோனுக்குத் தட்டினேன். நகர்ந்தோம். ஒன்றும் தோன்றவில்லை எனக்கு. எங்கிருந்தோ அதிமதுர வாடை வந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சப்பிக்கொண்டு திரிகிறார்கள்.

கழிப்பறைப் பக்கத்து நடைபாதையில் கொஞ்சம் பேச முடியும். டோன் பியர் வாங்கப் போனான். யெல்லே சுவரில் சாய்ந்து நின்றான். அவன் முகம் சரியில்லை.

"என்னடா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லக்கா, நல்லாதான் இருக்கேன்." கொஞ்சம் சிரித்தான். "வரும்போது ஒரு கூத்து. மாமா நின்னாருல்ல, நான் பாட்டுக்குத் தட்டு வரும்னு காத்துட்டு நிக்கிறேன். நான்தான் கடைசின்னே மறந்துபோச்சு."

"அப்புறம் ஞாபகம் வந்து தட்டினியாக்கும்."

"இல்ல. வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"தட்டு. பின்னாலேர்ந்து. அதைத்தான் உனக்குக் கடத்தினேன்."

"எவனாவது இடிச்சிருப்பான். இந்தக் கூட்டத்துல இடிக்காம என்ன பண்ணுவான்."

"இடிக்கிறவன் கட்டைவிரலால தேய்ப்பானாக்கா?"

நான் அவனைப் பார்த்தேன். விளையாடவில்லை.

பியரோடு வந்த டோனிடம் கிளம்பலாம் என்றேன். "இன்னும் ஒரு வாய் குடிக்கல, அதுக்குள்ள என்னடி?" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தான். ரிக்கர்ட்டுக்கு என்று வாங்கிய நாலாவது டம்ளரையும் பக்கத்தில் வைத்தான்.

"நீ நடுவுல வா," என்றேன் தம்பியிடம்.

"வேணாம்." என் காதருகே குனிந்தான். "நான் முன்னால வந்துட்டா அவன் யாரைப் பிடிச்சிட்டு வருவான்?"

ஓங்கி ஒரு அறை விட்டிருக்கணும். அதற்குள் டோன் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டான். நான் அவன் விளிம்பைப் பிடித்தேன். பின்னால் யெல்லேயின் கை என் விளிம்பைப் பிடித்தது. வாசலுக்குப் போக வேறு வழி இல்லை, ஆடுகளத்தைத் தாண்டித்தான் ஆகணும்.

புகை இடுப்பிலிருந்து கண்வரைக்கும் ஏறியிருந்தது. வெட்டி வெட்டி எரியும் வெள்ளை விளக்கில் ஆட்கள் தெரிந்தார்கள், காணாமல்போனார்கள். ஆயிரம் கால்கள் ஒரே வேகத்தில் தரையைக் குத்திக்கொண்டிருந்தன.

டோன் நின்றான்.

இரண்டு தட்டு. உடனே வந்தது.

கடத்தினேன். நகர்ந்தோம்.

டோன் நிற்கவில்லை. ஆனாலும் தட்டு வந்தது. இரண்டு. மறுபடியும் இரண்டு. பாட்டின் அடியோடு சேர்ந்துகொண்டு, விடாமல்.

என் ஜாக்கெட் பின்பக்கம் இழுபட்டது. ஒரு ஆள் பிடிக்கிற கனம் இல்லை அது. கழுத்துப்பட்டி தொண்டையை இறுக்கியது. யெல்லே பிடித்திருக்கிறான், அவனையும் யாரோ பிடித்துப் பின்னால் இழுக்கிறார்கள்.

சட்டென்று கனம் போய்விட்டது.

நான் திரும்பினேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பினேன்.

யெல்லே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய குத்து, முட்டி உயர்ந்து, குதிகால் தெறித்து. அவன் எதிரே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அத்தனை நெரிசலில் அந்த இடத்துக்குள் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

விளக்கு எரிந்தது. யெல்லேயின் ஜாக்கெட் விளிம்பைப் பக்கவாட்டில் ஒரு கை பிடித்திருந்தது. ஊதா டிராக்சூட் போட்ட கை.

இருட்டு.

விளக்கு எரிந்தது. கை இல்லை. விளிம்பு மட்டும் கசங்கி, இழுபட்டு, காற்றில் அப்படியே நின்றது.

என் தம்பியை அக்குளோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அவன் கன்னம் ஐஸாக இருந்தது. உதடு அசைந்தது. "ஒரே ஒரு பாட்டுக்கா. அவன் கேக்குறான்," என்றான். அவன் நெஞ்சு என் கைக்குக் கீழே அந்த வேகத்தில் அடித்தது. பாட்டு எது, இதயம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனைச் சுழற்றி எனக்கு முன்னால் தள்ளி, அவன் கையை, இரண்டடி தள்ளிப் போயிருந்த டோனின் ஜாக்கெட்டில் திணித்தேன். நான் கடைசியில் நின்றுகொண்டேன்.

தள்ளிக்கொண்டே ரப்பர் திரைவரைக்கும் வந்துவிட்டோம். அங்கே நெரிசல்.

டோன் நின்றான்.

பின்னால் நடந்தது அந்த மனுஷனுக்கு எதுவும் தெரியாது. வழக்கப்படி தட்டுக்குக் காத்திருந்தான். யெல்லே என் தட்டுக்குக் காத்திருந்தான், தலை தொங்கிப்போய், நின்றுகொண்டே. நான்தான் கடைசி. நான்தான் ஆரம்பிக்கணும். கையைத் தூக்கினேன்.

என் முதுகில் இரண்டு தட்டு.

அப்புறம் கட்டைவிரல், முதுகுத்தண்டில், மேலிருந்து கீழாக மெதுவாக.

அதிமதுர வாடை என் தோளுக்கு மேலிருந்து வந்தது. மூச்சோடு வந்தது.

என் கை தம்பியின் முதுகுக்கு அருகே நின்றது. இப்போது நான் தட்டினால் அது என் தட்டு இல்லை, அவனுடையது. நான் கடத்தினதாக ஆகிவிடும். எனக்கு வேறு யோசனை வரவில்லை. கையை மடக்கிக்கொண்டு, தோளைக் கொடுத்து, என் கனம் முழுக்கப் போட்டு யெல்லேயை முட்டினேன். அவன் டோன்மேல் விழுந்தான். மூன்று பேரும் ரப்பர் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே சரளைக்கல்லில் போய் உருண்டோம்.

யெல்லேயின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. கருவி அடித்தது அது. அவன் வாயைத் திறந்து காற்றை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் கல்லில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். விடிகிறவரைக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிழைத்துக்கொண்டான்.

இது நடந்தது செப்டம்பரில். கிடங்கை இடித்தாகிவிட்டது. யெல்லேக்கு அதற்கப்புறம் தட்டு வந்ததே இல்லை. கேட்டுவிட்டேன், பல தடவை. "நல்லா தூங்குறேன்க்கா," என்கிறான்.

எனக்கு வருகிறது.

டிராமில் என் இருக்கைக்குப் பின்னால் சாத்திய தடுப்புதான், ஆள் நிற்க இடம் கிடையாது. பாலத்தில் ஏறும்போது இருக்கையின் முதுகிலிருந்தே தட்டு வரும். இரண்டு. அப்புறம் காத்திருக்கும். அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்கிற மாதிரி. நான் கைகளைப் பிடியிலிருந்து எடுப்பதில்லை. இரவில் சுவருக்கு முதுகைக் கொடுத்துப் படுக்கிறேன். தட்டு சுவர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. டோனிடம் சொன்னேன். என் முதுகைத் தடவிக்கொடுத்தான். காரில் அந்தப் பின்கதவை மட்டும் அவன் இப்போது திறப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை யெல்லேக்குப் பிறந்தநாள். எல்லாரும் அவன் வீட்டில் கீழே வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றோம். குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அவன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். நான் பின்னால் போனேன். எங்கள் ஊர் மாடிப்படிகள் தெரிந்ததுதானே, செங்குத்தாக, ஒரு ஆள் அகலத்துக்கு. பாதியில் அவன் நின்றான். விளக்கு அணைந்து எரிந்தது.

இரண்டு தட்டு. கட்டைவிரல்.

என் கை தானாக எழுந்தது. இருபது வருஷப் பழக்கம் அது, என்னைக் கேட்டுக்கொண்டா வரும். விரல்நுனி அவன் ஸ்வெட்டரின் கம்பளி முடியைத் தொட்டுவிட்டது.

"அக்கா," என்றான் யெல்லே, திரும்பாமல். "பின்னால எல்லாம் சரியா?"

கேட்டுவிட்டு, டோன் நிற்கிற மாதிரியே தட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றான். மேலே குழந்தை "அப்பா" என்று கூப்பிட்டது.

கையை இழுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சரிதான். நீ ஏறு," என்றேன்.

அவன் ஏறினான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவரைக்கும் நான் அந்தப் படியிலேயே நின்றேன். அப்புறம் இருட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"நான் கடத்த மாட்டேன் ரிக்கர்ட். அவன் புள்ளகுட்டிக்காரன், அவனை விட்டுரு. யாரையாவது பிடிச்சுட்டுத்தான் வரணும்னா என்னைப் பிடிச்சுக்கோ."

கீழே யாரோ காபி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

தட்டு வரவில்லை.

என் சட்டையின் பின்விளிம்பை ஒரு கை மெதுவாகத் தேடி எடுத்து, மடக்கி, இறுகப் பிடித்துக்கொண்டது.

ஐந்து நாளாகிறது. இன்னும் விடவில்லை.